மருத்துவ ஆய்வில் சேரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகம் நடத்தும் மருத்துவ ஆய்வில் சேரச் சொல்லி அழைப்பு வந்தவர்களும் அவர்களுடைய வீட்டாரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆளுக்கு ஆள் வார்த்தை மாறுகிறதே தவிர, சந்தேகம் ஒன்றுதான். அதனால் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டுவைத்திருக்கிறேன். முதலில் அடிப்படையானவை, போகப் போகச் சிக்கலானவை. நேரமில்லை என்பவர்கள் 9ஆம் கேள்வியை மட்டுமாவது முழுவதும் படித்துவிடுங்கள்.

1. பல்கலைக்கழகம் என்றால் பாடம் நடத்துகிற இடம்தானே, அங்கே எதற்கு மருத்துவ ஆராய்ச்சி?

பாடம் நடத்துவது பாதி வேலை. இன்னும் பாடப்புத்தகத்தில் ஏறாததைக் கண்டறிவது மறுபாதி. இன்சுலின் 1921-22இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. பெனிசிலினை 1928இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் அலெக்சாண்டர் பிளெமிங் கவனித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை நோயாளிக்குக் கொடுக்கக்கூடிய மருந்தாக மாற்றியது, பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த வேலையைக் கையில் எடுத்த ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகக் குழு.

மருந்து நிறுவனங்கள் பெரும்பாலும் போட்ட பணம் திரும்பி வரும் பாதையில்தான் நடக்கும். அதில் தவறில்லை. ஆனால் விலை மலிந்த பழைய மருந்து ஒன்று வேறொரு நோய்க்கும் உதவுமா, நாம் வழக்கமாகச் செய்யும் சிகிச்சை உண்மையிலேயே தேவையா என்பது போன்ற கேள்விகளால் யாருக்கும் பெரிய வருமானம் கிடையாது. அவற்றை யாராவது கேட்டாக வேண்டும். அதிகமாகக் கேட்பவர்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்தான்.

2. ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லோரும் டாக்டர்களா?

இல்லை. டொரான்டோ குழுவையே பாருங்கள். பிரெடரிக் பேன்டிங் அறுவை மருத்துவர், சார்லஸ் பெஸ்ட் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்த இளைஞர், மெக்லியாட் உடலியங்கியல் பேராசிரியர், காலிப் உயிர்வேதியியலாளர். 1922 ஜனவரி 11 அன்று நீரிழிவு நோய் கண்ட 14 வயதுச் சிறுவனுக்குப் போட்ட முதல் இன்சுலின் ஊசி சரியாகப் பலிக்கவில்லை, மருந்தில் அவ்வளவு கசடு இருந்தது. காலிப் அதைச் சுத்திகரித்துக் கொடுத்த பிறகு, அதே மாதம் 23ஆம் தேதி போட்ட ஊசிதான் சிறுவனைத் தூக்கி நிறுத்தியது.

இன்றைய ஆய்வுக் குழுவில் மருத்துவர்களோடு வேதியியல், உயிரியல், மரபியல் படித்தவர்கள், முனைவர் பட்ட மாணவர்கள், செவிலியர்கள், புள்ளியியல் வல்லுநர்கள் எல்லோரும் இருப்பார்கள். உங்களிடம் நேரில் பேசுகிறவர் பெரும்பாலும் ஆய்வுச் செவிலியராகவோ ஒருங்கிணைப்பாளராகவோ இருப்பார். "நீங்கள் டாக்டரா?" என்று அவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

3. ஆய்வகத்தில் என்னதான் செய்கிறார்கள்? எலிக்கு ஊசி போடுவதுதான் வேலையா?

எலிக்கு வருவதற்கு முன்பே நெடுநாள் வேலை இருக்கிறது. ஒரு நோயில் எந்தப் புரதம் கெடுகிறது, எந்த மரபணு பிசகுகிறது என்று தேடுவது, கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களின் மேல் ஒவ்வொரு சேர்மமாகப் போட்டுப் பார்ப்பது என்று வருடங்கள் ஓடும். பெரும்பாலான தேடல்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

எலிச் சோதனை எப்படி இருக்கும் என்பதற்கு ஆக்ஸ்போர்டில் 1940 மே 25 அன்று நடந்ததைச் சொல்லலாம். எட்டு எலிகளுக்கு உயிரைக் கொல்லும் அளவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஊசியில் ஏற்றினார்கள். நான்குக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். ஆய்வுக் குழுவைச் சேர்ந்த நார்மன் ஹீட்லி பின்னிரவு வரை கூண்டுகளின் அருகிலேயே இருந்து குறித்துக்கொண்டே இருந்தார். விடிவதற்குள் மருந்து பெறாத நான்கும் இறந்துவிட்டன, பெற்ற நான்கும் உயிரோடு இருந்தன. மருந்து பெறாத அந்த நான்கு இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. ஒப்பிட ஆள் இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது. கீழே வரும் பல பதில்கள் இதைத்தான் சுற்றி வரும்.

4. எலிக்குப் பலித்தால் மனிதருக்கும் பலித்துவிடும் அல்லவா?

அப்படி நம்ப முடியாது. மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கும் மருந்துகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் அனுமதி வரை போய்ச் சேருகிறது. அதனால்தான் படிப்படியாகப் போகிறார்கள். முதல் கட்டத்தில் சில பத்துப் பேர். உடல் தாங்குகிறதா, எவ்வளவு கொடுக்கலாம் என்று மட்டும் பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் சில நூறு நோயாளிகளிடம், பலன் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை ஆட்களைச் சேர்த்து, இருக்கிற சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். மருந்து கடைக்கு வந்த பிறகும் கண்காணிப்பது நான்காம் கட்டம். உங்களை எந்தக் கட்டத்துக்கு அழைக்கிறார்கள் என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள், ஏனென்றால் ஆபத்தின் அளவு கட்டத்துக்குக் கட்டம் மாறும்.

2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை முதன்முதலாக ஆறு பேருக்குச் செலுத்தினார்கள். குரங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் 500இல் ஒரு பங்குதான் கொடுக்கப்பட்டது. ஆறு பேரும் சில மணி நேரத்தில் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் பிழைத்தார்கள் என்பதே பெரிய ஆறுதல். சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஆறு பேருக்கும் செலுத்தியதுதான் பிறகு கடுமையாக விமர்சிக்கப்பட்டது. முதல் ஆளுக்குக் கொடுத்து, பொறுத்திருந்து பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு அதன் பிறகு இறுகியது.

5. ஒரு மருந்து வரப் பத்து, பதினைந்து வருடம் ஆகும் என்கிறார்கள். கொரோனா தடுப்பூசி மட்டும் ஒரே வருடத்தில் எப்படி வந்தது? அவசரத்தில் ஏதாவது விட்டுவிட்டார்களா?

ஒரே வருடத்தில் வந்தது கடைசிக் கட்டம் மட்டும்தான். இந்தத் தடுப்பூசிகள் சிலவற்றின் அடிப்படை எம்ஆர்என்ஏ, அதாவது எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று உயிரணுவுக்குச் சொல்லும் மூலக்கூறு. அதை உடல் எதிரியாக நினைத்து வீக்கம் உண்டாக்காதபடி எப்படி மாற்றுவது என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கத்தலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் வெளியிட்டது 2005இல். அப்போது அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இருவருக்கும் நோபல் பரிசு 2023இல் கிடைத்தது. சார்ஸ், மெர்ஸ் நோய்கள் வந்துபோனபோதே கொரோனா கிருமிகளின் மேல் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் முள்புரதத்தைப் பற்றிப் பலர் ஆராய்ந்து வைத்திருந்தார்கள். 2020 ஜனவரியில் புதிய கிருமியின் மரபணு வரிசை வெளியானபோது எந்த இடத்தைக் குறிவைக்க வேண்டும் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

சாதாரணக் காலத்தில் ஒரு கட்டம் முடிந்து, பணம் திரட்டி, அனுமதிக்குக் காத்திருந்து அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். காத்திருப்பிலேயே பாதிக் காலம் கரையும். இந்த முறை கட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாக நடத்தினார்கள். பலிக்குமா என்று தெரியும் முன்பே அரசுகளின் பணத்தில் உற்பத்தியைத் தொடங்கினார்கள். நோய் எங்கும் பரவிக்கொண்டிருந்ததால், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆட்களின் எண்ணிக்கையிலும் குறைவைக்கவில்லை. ஒரே தடுப்பூசியின் மூன்றாம் கட்டத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. சில ஆண்டுகள் கழிந்த பிறகே தெரியவருகிற விஷயங்களை யாராலும் முன்கூட்டிப் பார்க்க முடியாது. நான்காம் கட்டக் கண்காணிப்பு அதற்காகத்தான் இருக்கிறது.

6. எனக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வார்களாமே? உயிரோடு விளையாடுவதா இது?

கேட்பவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மருத்துவ ஆராய்ச்சியில் நோயாளிக்கு நியாயம் செய்யும் மிகச் சிறந்த ஏற்பாடு இந்தக் குலுக்கல்தான் என்று உறுதியாக நம்புகிறேன். யாருக்குப் புது மருந்து என்பதை மருத்துவரே தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? தேறக்கூடியவர்களுக்கே கொடுக்க மனம் போகும். அல்லது கைவிடப்பட்டவர்களுக்குக் கொடுக்கத் தோன்றும். இரண்டிலும் மருந்தின் உண்மையான பலம் தெரியாது. குலுக்கல் போட்டால் வயது, நோயின் கடுமை, நமக்குத் தெரியாத பிற வேறுபாடுகள் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும்.

1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு இதற்கு முன்னோடி. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புள்ளியியல் பேராசிரியர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வடிவமைத்தது. காசநோயாளிகள் 107 பேர். ஒவ்வொருவருக்கும் ஒட்டிய உறை ஒன்று. அதைத் திறந்து பார்க்கும் வரை, அவர் எந்தப் பக்கம் என்று சேர்க்கிற மருத்துவருக்கே தெரியாது. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு அந்தக் காலத்து வழக்கப்படி ஓய்வு மட்டும். எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களிடமும் யார் எந்தக் குழு என்று சொல்லவில்லை. ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள்.

அந்த 14 பேருக்கு அநியாயம் நடந்துவிட்டதே என்று தோன்றும். அன்று எல்லோருக்கும் கொடுக்கும் அளவு மருந்தே இல்லை. அது பலிக்குமா, கெடுதல் செய்யுமா என்பதும் தெரியாது. அந்தத் தெரியாமை உண்மையாக இருக்கும்போது மட்டுமே குலுக்கல் போட வேண்டும். ஒன்று நல்லது என்று தெரிந்த பிறகும் போட்டால் அது குற்றம்.

7. போலி மருந்து கொடுத்து நோயாளியை ஏமாற்றலாமா?

ஏமாற்றக் கூடாது. இங்கே போலி மருந்து என்பது பார்வைக்கு மருந்து போலவே இருக்கும், ஆனால் உள்ளே மருந்து இல்லாத மாத்திரையோ ஊசியோ. அது கிடைக்க வாய்ப்பு உண்டு என்பதை முன்கூட்டியே படிவத்தில் எழுதிச் சொல்லியாக வேண்டும். அதற்குச் சம்மதித்தவரைத்தான் சேர்ப்பார்கள். நல்ல சிகிச்சை ஏற்கெனவே உள்ள நோய்க்குப் புது மருந்தை அந்தச் சிகிச்சையோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம் வகுத்த பொது விதி. வழக்கமான சிகிச்சையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் ஒரு பக்கத்துக்குப் புது மருந்தும் மறு பக்கத்துக்குப் போலியும் சேர்ப்பது பல ஆய்வுகளில் உள்ள முறை.

போலி எதற்கு என்றால், மருந்து சாப்பிட்டோம் என்ற நம்பிக்கையிலேயே வலியும் குமட்டலும் பலருக்குக் குறையும். சில நோய்கள் தாமாகவே ஏறி இறங்கும். அதையெல்லாம் கழித்துப் பார்த்தால்தான் மருந்தின் பங்கு தெரியும். எந்தப் பக்கம் யார் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமலே ஆய்வு நடக்கும். ஆனால் ஆபத்து என்று வந்தால் அந்த மறைப்பை உடனே உடைத்துப் பார்க்க ஏற்பாடு இருக்கும். இரவிலும் எடுக்கக்கூடிய தொலைபேசி எண் தருகிறார்களா என்று பாருங்கள்.

8. சேர்ந்தால் எனக்கு என்ன பயன்?

ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஆய்வு நடப்பது உங்களைக் குணப்படுத்த அல்ல, ஒரு கேள்விக்கு விடை காண. வேறு வழியில்லை என்ற நிலையில் வருகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. நெருக்கமான கண்காணிப்பு, கூடுதல் பரிசோதனைகள் ஆகியவை நிச்சயம் கிடைக்கும். புது மருந்தும் கிடைக்கலாம், ஆனால் அது பழையதைவிட மோசமாகவும் இருக்கலாம்.

பயணச் செலவு, இழந்த கூலி ஆகியவற்றைக் கொடுப்பது நியாயம்தான். ஆசை காட்டி இழுக்கும் அளவு பெரிய தொகையை, ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்கள் அனுமதிப்பதில்லை, ஏனென்றால் அந்தப் பணத்துக்காக ஒருவர் தன் நோயையே மறைத்துச் சொல்லிவிடக்கூடும்.

9. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு விலக முடியாதா?

எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகியதற்காக உங்களுடைய வழக்கமான சிகிச்சையில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அதனால் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகாமல், விலகுகிறேன் என்று சொல்லிவிட்டு, எப்படி நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை சேகரித்த விவரங்களைப் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். அதுவும் படிவத்தில் எழுதியிருக்கும்.

படிவம் பல பக்கம் இருக்கும். படிக்கும்போது சில இடங்களில் விரலை வைத்து நிறுத்துங்கள். எத்தனை முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள்? இதுவரை எத்தனை பேர் இந்த மருந்தை எடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஆனது? ஆய்வில் சேராவிட்டால் எனக்கு உள்ள வேறு வழிகள் எவை? ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? ஆய்வு முடிந்த பிறகு மருந்து தொடர்ந்து கிடைக்குமா? இவற்றில் ஒன்றுக்காவது படிவத்தில் விடை இல்லையென்றால், எழுதித் தரும் வரை கையெழுத்துப் போட வேண்டாம்.

"இப்போதே போட்டுக் கொடுங்கள்" என்று அவசரப்படுத்தினால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்காக்கும் அவசரச் சிகிச்சை தொடர்பான ஆய்வுகள் தவிர மற்றவற்றில், படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் நாலு பேரிடம் கலந்து பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது. படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அப்போது ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் உடன் இருக்க வேண்டும். குழந்தை என்றால் பெற்றோரின் அனுமதி தேவை, விவரம் புரியும் வயதுப் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். கையெழுத்திட்ட நகல் ஒன்று உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

10. நெறிமுறைக் குழு என்கிறார்கள். அதில் இருப்பவர்களும் அவர்கள் ஆட்கள்தானே?

பல்கலைக்கழகம் அமைக்கும் குழுதான், சந்தேகம் நியாயமே. அதனால்தான் அந்தக் குழுவில் மருத்துவர்கள் மட்டும் இருக்கக் கூடாது, துறைக்கு வெளியே உள்ள சாதாரணக் குடிமகனும் நிறுவனத்தோடு தொடர்பில்லாதவரும் இருக்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. பல இடங்களில் சட்டம் தெரிந்தவரும் இருப்பார். தன் சொந்த ஆய்வு விவாதத்துக்கு வரும்போது உறுப்பினர் முடிவெடுப்பதிலிருந்து விலக வேண்டும். குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்க முடியாது.

இந்தக் கட்டுப்பாடுகள் சும்மா வரவில்லை. நாஜி முகாம்களில் மருத்துவர்கள் செய்த கொடுமைகளை விசாரித்த நீதிமன்றம் 1947இல் நியூரம்பர்க் விதிகளை வகுத்தது. சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் ஆய்வு கூடாது என்பது அதன் முதல் விதி. ஹெல்சிங்கி பிரகடனம் 1964இல் வந்தது. அவ்வளவுக்குப் பிறகும் அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932இல் தொடங்கிய ஆய்வு 1972 வரை நடந்துகொண்டே இருந்தது. சிபிலிஸ் நோய் கண்ட ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல், பெனிசிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், என்ன ஆகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். நடத்தியது அரசின் பொதுச் சுகாதாரத் துறை. செய்தித்தாளில் வெளிவந்த பிறகுதான் நின்றது. எனவே குழு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். படிவத்தில் குழுவின் தொடர்பு விவரம் இருக்கும், ஆய்வாளரிடம் சொல்ல முடியாத புகாரை அங்கே நேரடியாகச் சொல்லலாம்.

11. என் ரத்தத்தையும் மரபணு விவரத்தையும் வைத்து என்ன செய்வார்கள்?

பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண்ணை ஒட்டி வைப்பார்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் தனியே பூட்டப்பட்டிருக்கும். மரபணு விவரம் சற்று வேறுபட்டது. அது உங்களுடையது மட்டுமல்ல, உங்கள் ரத்த உறவுகளுடையதும் கூட. பெயரை நீக்கினாலும் முழுக்க முழுக்க அடையாளமற்றது என்று உறுதி சொல்ல முடியாது. "எதிர்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாம்" என்ற வரி இருந்தால், அதற்கு மட்டும் மறுத்துவிட்டு மற்றதில் சேர முடியுமா என்று கேளுங்கள். பல ஆய்வுகளில் முடியும்.

1951இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்கள் ஆய்வகத்தில் சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன. ஹீலா என்ற பெயரில் உலகமெங்கும் போயின. போலியோ தடுப்பூசியைச் சோதிக்கவும் உதவின. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் குடும்பத்துக்கே பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த உயிரணுக்களால் மனிதகுலம் பெற்ற நன்மை மிகப் பெரிது. கேட்காமல் எடுத்தது தவறு என்பதை அந்த நன்மை மாற்றிவிடாது.

12. மருந்து நிறுவனத்தின் பணத்தில் நடக்கும் ஆய்வை நம்பலாமா?

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. நிறுவனத்தின் பணம் என்பதாலேயே முடிவு பொய் ஆகிவிடாது. ஆனால் ஆய்வை வடிவமைத்தது யார், தரவு யார் கையில் இருக்கிறது, முடிவு பாதகமாக வந்தாலும் வெளியிடும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றும் நிறுவனத்தின் கையிலேயே இருந்தால் நான் தயங்குவேன்.

13. முடிவு பிடிக்காவிட்டால் அதை மறைத்துவிட மாட்டார்களா?

ஒரு காலத்தில் தாராளமாக மறைத்தார்கள். பலித்த ஆய்வு அச்சேறும், பலிக்காதது அலமாரியில் தூங்கும். படிக்கிறவருக்கு மருந்து உண்மையைவிட நல்லதாகத் தெரியும். இதைத் தடுக்க, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே ஆய்வைப் பொதுப் பதிவேட்டில் பதிந்திருந்தால்தான் வெளியிடுவோம் என்று முன்னணி மருத்துவ ஆய்விதழ்களின் ஆசிரியர்கள் முடிவெடுத்தார்கள். 2005இல் அது நடைமுறைக்கு வந்தது. எதை அளக்கப்போகிறோம் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இருபது விஷயங்களை அளந்து, தற்செயலாக நன்றாக வந்த ஒன்றை மட்டும் காட்டிவிடலாம்.

பலிக்கவில்லை என்ற முடிவும் உயிர் காக்கும். 2020இல் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து கொரோனா நோயாளிகளைக் காப்பாற்றவில்லை என்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் 'ரெகவரி' ஆய்வு காட்டியது. அதன் பிறகு மருத்துவர்களின் கவனம் வேறு மருந்துகள் பக்கம் திரும்பியது.

14. ஒரு நாள் நல்லது என்கிறார்கள், மறுநாள் கெடுதல் என்கிறார்கள். எதை நம்புவது?

எந்த வகை ஆய்வு என்று பாருங்கள். மக்களைக் கவனித்து மட்டும் பார்க்கும் ஆய்வு ஒன்று. 6ஆம் பதிலில் சொன்ன குலுக்கல் ஆய்வு மற்றொன்று. மாதவிடாய் நின்ற பெண்களில் ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயநோய் குறைவு என்று கவனிப்பு ஆய்வுகள் பல சொல்லிவந்தன. 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து அமெரிக்காவில் ஆய்வு நடந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு இதயநோயும் மார்பகப் புற்றுநோயும் கூடுதலாகத் தெரிந்ததால், 2002இல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். தாமாக மாத்திரை எடுத்த பெண்கள் பொதுவாகவே வசதியும் உடல்நல அக்கறையும் உள்ளவர்களாக இருந்தது முன்பு தெரிந்த நன்மைக்கு ஒரு காரணம்.

அதற்காகக் கவனிப்பு ஆய்வு வீண் என்று சொல்லிவிட வேண்டாம். புகையிலையைக் குலுக்கல் போட்டுக் கொடுத்துப் பார்க்க முடியுமா? 1950இல் ரிச்சர்டு டாலும் அதே பிராட்ஃபோர்டு ஹில்லும் நோயாளிகளை விசாரித்துத்தான் நுரையீரல் புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பைக் காட்டினார்கள். வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு முறைகளில், பலர் பார்த்தும் ஒரே விடை வந்தபோது அது நிலைத்தது.

15. பரிசோதனை அறிக்கையில் எண் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. மாரடைப்புக்குப் பின் இதயத்துடிப்பு சீரற்றுப் போகிறவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பதால், துடிப்பைச் சீராக்கும் மருந்துகளைப் பரவலாகக் கொடுத்துவந்தார்கள். துடிப்பும் சீரானது. 1989இல் குலுக்கல் ஆய்வின் முடிவு வந்தபோது, அந்த மருந்துகளில் இரண்டை எடுத்தவர்கள் போலி மருந்து எடுத்தவர்களைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். எண் திருந்தியது, ஆள் பிழைக்கவில்லை. எனவே எந்த ஆய்விலும் எதை அளந்தார்கள் என்று பாருங்கள். நோயாளி நெடுநாள் வாழ்ந்தாரா, நன்றாக வாழ்ந்தாரா என்பதையா, அல்லது அறிக்கையில் உள்ள ஓர் எண்ணை மட்டுமா?

16. "இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது" என்று செய்தி வந்தால் எப்படிப் புரிந்துகொள்வது?

எந்த நோயாளிகளில், எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று கேட்க வேண்டும். 13இல் சொன்ன அதே ஆய்வில் டெக்சாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்தைப் பற்றி 2020 ஜூனில் வந்த செய்தி இது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 28 நாட்களுக்குள் 41.4 சதவீதம் பேர் இறந்தார்கள், மருந்தும் பெற்றோரில் 29.3 சதவீதம். அதாவது நூறு பேருக்குப் பன்னிரண்டு உயிர். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2 சதவீதம் 23.3 ஆனது, நூற்றுக்கு மூன்று. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. சொல்லப்போனால் மருந்து பெறாதவர்களில் 14 சதவீதமும் பெற்றவர்களில் 17.8 சதவீதமும் இறந்தார்கள்.

ஒரே மருந்து, ஒரே நோய், மூன்று வகை விடை. "மூன்றில் ஒரு பங்கு" என்ற தலைப்பை மட்டும் படித்துவிட்டு, லேசான காய்ச்சலோடு வீட்டில் இருந்தவர் அதைத் தானாக வாங்கி விழுங்கியிருந்தால் அவருக்குக் கெடுதல்தான் மிச்சம்.

17. பெரிய ஆய்விதழில் வந்த கட்டுரை எப்படிப் பொய்யாக முடியும்?

அச்சேறும் முன் அதே துறையினர் சிலர் படித்துக் குறை சொல்வார்கள். அவர்கள் பார்ப்பது எழுதித் தந்ததைத்தான், நோயாளிகளின் மூலக் கோப்புகளை அல்ல. ஒருவர் துணிந்து திரித்து எழுதினால் உடனே பிடிபடாது. தட்டம்மை தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட கட்டுரை 1998இல் 'லான்செட்' இதழில் வந்தது. அதில் இருந்தவர்கள் 12 குழந்தைகள் மட்டுமே, ஒப்பிட ஒரு குழு கிடையாது. 3ஆம் பதிலின் எலிகளுக்குக் கொடுத்த மரியாதைகூட அந்தக் கேள்விக்குக் கொடுக்கப்படவில்லை. பிறகு லட்சக்கணக்கான குழந்தைகளைப் பார்த்த ஆய்வுகள் எதிலும் அந்தத் தொடர்பு தென்படவில்லை. இதழ் 2010இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தடுப்பூசி போடாமல் விடப்பட்ட குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது என்று நினைக்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை.

18. ஆய்வை நடுவில் நிறுத்திவிட்டார்கள் என்றால் ஏதோ விபரீதம் என்றுதானே பொருள்?

எப்போதும் அப்படி இல்லை. ஆய்வாளர்களைச் சேராத தரவுக் கண்காணிப்புக் குழு ஒன்று இடையிடையே முடிவுகளைப் பார்க்கும். கெடுதல் தெரிந்தால் நிறுத்தும், 14இல் சொன்ன ஹார்மோன் ஆய்வு அப்படி நின்றதுதான். பலன் ஐயமில்லாமல் தெரிந்துவிட்டாலும் நிறுத்தும், மற்றவர்களுக்கு அதை மறுப்பது நியாயமில்லை என்பதால். ஆட்கள் போதவில்லை, பணம் தீர்ந்துவிட்டது என்று நிற்பவையும் உண்டு. காரணத்தைப் பங்கேற்பாளர்களுக்குச் சொல்ல வேண்டும்.

19. அம்மாவுக்கு வேறு சிகிச்சை இல்லை. ஆய்வில் சேர்க்காமல் அந்த மருந்தை மட்டும் கேட்டு வாங்க முடியுமா?

சில நாடுகளில் அனுமதி பெறாத மருந்தைக் கருணை அடிப்படையில் தர வழி இருக்கிறது. மருத்துவர் விண்ணப்பிக்க வேண்டும். மருந்தைத் தயாரிப்பவரும் கட்டுப்பாட்டு அமைப்பும் இசைய வேண்டும். ஆய்வில் சேரத் தகுதி இல்லாதவர்களுக்கே பெரும்பாலும் இது. 4ஆம் பதிலில் சொன்ன பத்தில் ஒன்று என்ற கணக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள். கடைசிக் காலத்தில் ஒருவரை இன்னும் ஊசிக்கும் ஊர்ப் பயணத்துக்கும் ஆளாக்க வேண்டுமா என்பதை அம்மாவிடமே கேளுங்கள். பிள்ளைகளாகக் கூடி முடிவெடுத்துவிட்டு அவரிடம் சொல்வதுதான் வழக்கமாக நடக்கிறது. அது சரியில்லை.

20. ஆய்வு முடிந்த பிறகு முடிவை எனக்குச் சொல்வார்களா?

சொல்ல வேண்டும், பலர் சொல்வதில்லை. ஆட்களைச் சேர்க்கும்போது காட்டும் அக்கறை முடிவைச் சொல்வதில் இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். கையெழுத்துப் போடும் நாளிலேயே, முடிவின் சுருக்கத்தைத் தமிழில் அனுப்புவீர்களா, எந்த மருந்து எனக்குக் கிடைத்தது என்று சொல்வீர்களா என்று கேட்டு, பதிலைப் படிவத்தின் நகலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 13இல் சொன்ன பொதுப் பதிவேட்டின் எண்ணையும் அதிலேயே குறித்து வையுங்கள். யாரும் கூப்பிடாவிட்டாலும், அந்த எண்ணை வைத்து ஆய்வு எங்கே நிற்கிறது என்று நீங்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.